இல்லாத தீவின் மூலப்பத்திரம்

2012 நவம்பரில் 'சதர்ன் சர்வேயர்' என்ற ஆஸ்திரேலிய ஆய்வுக் கப்பல் பவளக் கடலில் போய்க்கொண்டிருந்தது. சிட்னி பல்கலைக்கழகத்தின் மரியா சீட்டன் தலைமையில் சென்ற குழுவுக்கு, அந்தப் பகுதியின் கடல் தரை எப்படி உருவானது என்று ஆராய்வது வேலை. கையோடு கொண்டுபோயிருந்த அறிவியல் தரவுகளில், ஆஸ்திரேலியாவுக்கும் நியூ கலிடோனியாவுக்கும் நடுவே 'சாண்டி தீவு' என்றொரு நிலத்திட்டு இருந்தது. கூகுள் எர்த்திலும் இருந்தது. நீளம் சுமார் 24 கிலோமீட்டர், அகலம் 5 கிலோமீட்டர். ஆனால் மாலுமிகள் பயன்படுத்திய கடல் வரைபடம் அதே இடத்தில் 1,400 மீட்டர் ஆழம் என்றது. இரண்டில் ஒன்று தப்பாக இருந்தாக வேண்டும். கப்பலை அந்தப் பக்கம் திருப்பிப் போய்ப் பார்த்தார்கள். தீவைக் காணோம். அளந்து பார்த்த ஆழம் எங்கேயும் 1,300 மீட்டருக்குக் குறையவில்லை.

உலகப் பத்திரிகைகள் இதை ஒரு விந்தைச் செய்தியாக வெளியிட்டு நகர்ந்துவிட்டன. எனக்கோ அந்தத் தீவு இல்லாமல் போனதைவிட, செயற்கைக்கோள்கள் பூமியை ஓயாமல் படமெடுக்கும் காலத்திலும் அது அத்தனை ஆண்டு வரைபடத்தில் வாழ்ந்ததுதான் பெரிதாகப் படுகிறது.

1876இல் 'வெலாசிட்டி' என்ற திமிங்கில வேட்டைக் கப்பல், அந்தப் பக்கம் அலைகள் உடைவதையும் மணல் திட்டுகளையும் கண்டதாகத் தெரிவித்தது. அவர்கள் கண்டது எரிமலையிலிருந்து வந்து கடலில் மிதந்த நுரைக்கல் கூட்டமாக இருந்திருக்கலாம். தாங்கள் நிற்கும் இடத்தையே தப்பாகக் கணித்துமிருக்கலாம். எப்படியோ அது பிரிட்டிஷ் கடற்படையின் 1908ஆம் ஆண்டு வரைபடத்தில் ஏறிவிட்டது. வரைந்தவர்கள் கண்ணை மூடிக்கொண்டு நம்பவில்லை. தீவின் விளிம்பைப் புள்ளிக்கோட்டால் போட்டார்கள். பல மாலுமிகள் பல ஆண்டுகளாகச் சொன்னவற்றைத் தொகுத்தே இதை வரைந்திருக்கிறோம், ஆபத்தான இடங்கள் குறித்த இடத்திலேயே இருக்கும் என்று நம்பிவிட வேண்டாம் என்ற பொருளில் எச்சரிக்கையும் அச்சிட்டார்கள். கடல் வரைபடங்களில் இது பழைய மரபு. 'இருக்கிறதா என்பதே ஐயம்', 'இருக்கும் இடம் ஐயம்' என்பதற்கெல்லாம் தனித்தனியே இரண்டெழுத்துக் குறிகள் உண்டு. பாறை இல்லாத இடத்தைச் சுற்றிப் போனால் கொஞ்சம் நேரம்தான் வீண். இருக்கும் பாறையை விட்டுவிட்டால் கப்பலே போய்விடும். அதனால் ஐயத்துக்குரியதையும் விடாமல் போட்டு, ஐயத்தையும் பக்கத்திலேயே எழுதிவைத்தார்கள்.

பிறகு கணினிக் காலம் வந்தது. அமெரிக்க ராணுவத்தின் வரைபட நிறுவனம், காகித வரைபடங்கள் உட்படப் பல மூலங்களைக் கொண்டு உலகக் கடற்கரைகளை எண்வடிவத்துக்கு மாற்றி 'வேர்ல்டு வெக்டர் ஷோர்லைன்' என்ற தரவுத்தொகுதியை உருவாக்கியது. அதில் தீவு என்றால் வரிசையாக இணைத்த புள்ளிகளால் மூடிய ஒரு பலகோணம். சாண்டி தீவின் பலகோணத்துக்கும் இலங்கையின் பலகோணத்துக்கும் தன்மையில் வேறுபாடு இல்லை. புள்ளிக்கோடு அழுத்தமான கோடாகிவிட்டது. எச்சரிக்கை அதோடு சேர்ந்து வரவில்லை. அந்தத் தொகுதியிலிருந்து வேறு தொகுதிகள் பிறந்தன, அவற்றிலிருந்து இன்னும் பல. பிரெஞ்சுக் கடல் அளவைத் துறை 1970களிலேயே தன் வரைபடங்களிலிருந்து தீவை நீக்கிவிட்டிருந்தது. அந்த நீக்கம் இந்த நகல்களுக்கு எட்டவில்லை. கோட்டை மட்டும் பார்த்தவருக்கு, இது எந்த ஆண்டில், எந்தத் தாளிலிருந்து, யார் சொன்னதை வைத்து வந்தது என்று தெரிய வழியே இல்லை.

இந்தக் கேள்விகளுக்கான பதில்களைத்தான் மெட்டாடேட்டா என்கிறோம். தரவைப் பற்றிய தரவு. ஜி.ஐ.எஸ். என்று சுருக்கமாகச் சொல்லப்படும் புவியியல் தகவல் அமைப்பில், ஊர், சாலை, ஏரி, நிலமட்டம், மழையளவு என்று ஒவ்வொன்றும் ஒரு தரவுத்தொகுதி. ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிப் பார்க்கிறோம். இந்திய நில அளவைத் துறையின் பழைய நிலவரைபடத் தாள் ஒன்றை எடுத்துப் பாருங்கள். நடுவில் படம், சுற்றிலும் உள்ள ஓரத்தில் அளவுகோல், அளந்த ஆண்டு, பதிப்பு, சம உயரக் கோடுகளின் இடைவெளி, குறிகளின் பொருள் எல்லாம் இருக்கும். படத்தையும் ஓரத்தையும் பிரிக்க முடியாது, கிழித்தால்தான் உண்டு. கணினிக் கோப்பில் அப்படி இல்லை. படம் ஒரு கோப்பு, விவரம் இன்னொரு கோப்பு. மின்னஞ்சலில் அனுப்பும்போது முதலில் தொலைவது இரண்டாவதுதான்.

நிலம் வாங்கப் போகிறவர் கிரயப் பத்திரத்தை மட்டும் பார்த்து முன்பணம் கொடுப்பதில்லை. மூலப்பத்திரத்தைக் கேட்கிறார், வில்லங்கச் சான்று எடுக்கிறார், பட்டா யார் பெயரில் என்று பார்க்கிறார். நிலம் கண்ணெதிரே கிடந்தாலும், அது எந்தெந்தக் கை மாறி வந்தது என்று தெரியாமல் வாங்குவது ஆபத்து என்று எல்லாருக்கும் தெரியும். வரைபடத் தரவிலும் மெட்டாடேட்டா செய்யும் வேலை அதுவே.

எளிமையான இடத்திலிருந்து தொடங்கலாம். 13.08, 80.27 என்று இரண்டு எண்கள். சென்னை என்று சொல்லிவிடுவீர்கள். முதல் எண் அட்சரேகை, இரண்டாவது தீர்க்கரேகை என்று நீங்களாகவே எடுத்துக்கொண்டதால் வந்த பதில் அது. இணையத்தில் பெரிதும் புழங்கும் 'ஜியோஜேசன்' வடிவத்தில் தீர்க்கரேகைதான் முதலில் வர வேண்டும். அந்த விதிப்படி படித்தால் இதே எண்கள் ஸ்வால்பார்டு தீவுகளுக்கு வடக்கே, ஆர்க்டிக் கடலில் போய் நிற்கும்.

மீட்டர் கணக்கில் இடம் குறிக்கும் முறைக்கு வந்தால் சிக்கல் கூடுகிறது. யு.டி.எம். என்ற முறை பூமியை 6 பாகை அகலமுள்ள 60 மண்டலங்களாகப் பிரித்து, ஒவ்வொரு மண்டலத்துக்கும் தனித்தனியே மீட்டர் கணக்கை வைத்திருக்கிறது. 43ஆம் மண்டலமும் 44ஆம் மண்டலமும் சந்திக்கும் 78 பாகைத் தீர்க்கரேகை தமிழ்நாட்டைத் தெற்கு வடக்காக வெட்டிப் போகிறது. கோவையும் ஈரோடும் திருநெல்வேலியும் ஒரு மண்டலம். மதுரையும் சேலமும் திருச்சியும் சென்னையும் மறு மண்டலம். கோவைக்கான கோப்பில் மண்டல எண் தொலைந்து, யாரோ ஒருவர் 44 என்று ஊகித்து நிரப்பினால், ஊர் ஏறக்குறைய 650 கிலோமீட்டர் கிழக்கே தள்ளி வங்காள விரிகுடாவில் மிதக்கும்.

இந்தப் பிழை ஆபத்தில்லாதது. கடலுக்குள் கோவையைப் பார்த்தவர் உடனே திருத்திவிடுவார். பயப்பட வேண்டியது கண்ணில் படாத அளவுக்குச் சிறிய பிழைகளைத்தான். வில்லியம் லாம்டன் 1802இல் சென்னைப் பரங்கிமலை அருகே அடிக்கோடு அளந்து தொடங்கிவைத்த பெரும் முக்கோண அளவைப் பணி, பின்னால் ஜார்ஜ் எவரெஸ்ட் கையில் வளர்ந்தது. பூமியின் வடிவத்துக்கு அவர் 1830இல் வகுத்த கணக்குதான் இந்திய வரைபடங்களுக்கு நெடுங்காலம் அடித்தளம். இப்படிப்பட்ட அடித்தளத்தை 'டேட்டம்' என்பார்கள். செல்பேசியின் ஜி.பி.எஸ். பயன்படுத்துவது 'டபிள்யூ.ஜி.எஸ். 84' என்ற வேறொரு டேட்டம். 2005ஆம் ஆண்டு தேசிய வரைபடக் கொள்கைக்குப் பிறகு பொதுமக்களுக்கான நிலவரைபடங்களும் அதற்கே மாறின. பழைய தாளில் படித்த அட்சரேகை தீர்க்கரேகையை அப்படியே செல்பேசியில் போட்டால், சென்னைப் பகுதியில் இடம் சுமார் 200 மீட்டர் தள்ளிப்போகும். 200 மீட்டரில் ஊர் மாறாது. தெரு மாறும், கிணறு மாறும், ஏரிக்கரையின் இந்தப் பக்கம் அந்தப் பக்கம் மாறும். பார்க்கிறவருக்கோ எல்லாம் சரியாக இருப்பது போலவே தோன்றும்.

டேட்டத்தோடு தேதியையும் சேர்த்துச் சொல்ல வேண்டிய நிலையும் வந்துவிட்டது. ஆஸ்திரேலியக் கண்டம் ஆண்டுக்கு 7 சென்டிமீட்டர் அளவுக்கு வடகிழக்கே நகர்கிறது. 1994ஆம் ஆண்டு நிலையை வைத்து அந்த நாடு வகுத்த அட்சரேகை தீர்க்கரேகை எண்கள் 2020க்குள் 1.8 மீட்டர் பின்தங்கிவிட்டதால், புதிய டேட்டத்துக்கு மாறியிருக்கிறார்கள். ஓட்டுநர் இல்லாத வாகனங்களுக்கு 1.8 மீட்டர் என்பது சாலையின் ஒரு தடத்தில் பாதி.

உயரத்தில் இதைவிடக் குழப்பம். கன்னியாகுமரிக் கடற்கரையில் நின்று, ஜி.பி.எஸ். கருவி திருத்தம் செய்யாமல் தரும் உயரத்தைப் படித்தால் 90 மீட்டருக்கும் மேல் கடலுக்கு அடியில் நிற்பதாகச் சொல்லும். கருவி பழுதில்லை. பூமியைச் சீரான நீள்கோளமாக வைத்து அந்தப் பரப்பிலிருந்து அது அளக்கிறது. நாம் கடல்மட்டத்திலிருந்து அளக்கிறோம். ஈர்ப்புவிசை எங்கும் ஒரே அளவில் இல்லாததால் கடல்மட்டமும் மேடுபள்ளமாகவே இருக்கிறது. உலகிலேயே ஆழமான பள்ளம் இலங்கைக்குத் தெற்கே, நீள்கோளப் பரப்பிலிருந்து 100 மீட்டருக்கும் கீழே. ஆகவே ஒரு கோப்பில் 'உயரம் 12' என்று மட்டும் இருந்தால் அது எதையும் சொல்லவில்லை. எதிலிருந்து 12 என்பதையும் எழுத வேண்டும்.

எழுதியிருந்தாலும் கவனமாகப் படிக்க வேண்டும். ஜெர்மனிக்கும் சுவிட்சர்லாந்துக்கும் நடுவே ரைன் நதியின் மேல் லாஃபன்பர்க்கில் பாலம் கட்டினார்கள். ஜெர்மனி வடகடலை வைத்து உயரம் கணக்கிடுகிறது, சுவிட்சர்லாந்து மத்தியதரைக் கடலை வைத்து. இரண்டுக்கும் 27 சென்டிமீட்டர் வேறுபாடு. பொறியாளர்களுக்கு இது தெரியும். கணக்கில் சேர்க்கவும் செய்தார்கள். ஆனால் கூட்டல் கழித்தல் குறி மாறிப்போய், 2003இல் இரு பக்கத்துக்கும் 54 சென்டிமீட்டர் வேறுபாடு வந்து நின்றது. ஒரு பக்கத்தைத் திருத்திக் கட்டவேண்டியதாயிற்று.

எதிலிருந்து அளந்தோம் என்பது போலவே, எதை அளந்தோம் என்பதும் முக்கியம். 2000 பிப்ரவரியில் 'எண்டெவர்' விண்வெளி ஓடம் 11 நாள் பறந்து, ராடார் மூலம் உலகின் பெரும்பகுதி நிலத்தின் உயரத்தைப் பதிவு செய்தது. அறிவியலுக்கு அது கிடைத்தற்கரிய கொடை. இன்றும் இலவசமாகக் கிடைக்கிறது, உலகெங்கும் பயன்படுகிறது. ஆனால் ராடார் கண்டது தென்னந்தோப்பின் தலையையும் வீட்டுக் கூரையையும். அடியில் உள்ள மண்ணை எல்லா இடத்திலும் அது காணவில்லை. தரவைத் தந்தவர்கள் இதை மறைக்கவில்லை. இருந்தும் கடல்மட்டம் உயர்ந்தால் எந்தெந்த ஊர்கள் மூழ்கும் என்ற கணக்குகளில் அந்த உயரத்தைத் தரையின் உயரமாகவே பலர் எடுத்துக்கொண்டார்கள். 2019இல் 'கிளைமேட் சென்ட்ரல்' அமைப்பின் ஆய்வாளர்கள் அந்தப் பிழையைத் திருத்திக் கணக்கிட்டபோது, ஆபத்தான தாழ்நிலத்தில் வாழும் மக்களின் எண்ணிக்கை பழைய மதிப்பீட்டைப் போல மூன்று மடங்காகியது. தாழ்ந்த கரையோரங்களில் வீட்டுக் கூரைதான் கடலுக்கு மேலே இருந்தது. வீட்டுத் திண்ணை அந்தக் கணக்கில் வரவேயில்லை.

இனி அளவுகோல். 1:50,000 தாளில் அரை மில்லிமீட்டர் தடிமனுள்ள கோடு, தரையில் 25 மீட்டர். அந்தத் தாளிலிருந்து ஓர் ஏரியின் எல்லையைக் கணினியில் ஏற்றினால் கோட்டுக்குத் தடிமனே இல்லாமல் போகிறது. எவ்வளவு பெரிதாக்கினாலும் மயிரிழையாகவே தெரியும். ஒரு வீட்டின் அடுக்களைச் சுவரை அது துல்லியமாக வெட்டிப் போவதாகக்கூடத் தெரியும். அந்தத் துல்லியம் பொய். 25 மீட்டர் கோட்டை வைத்து ஒருவர் வீடு ஏரிக்குள் இருக்கிறது, இன்னொருவர் வீடு வெளியே இருக்கிறது என்று தீர்ப்புச் சொல்ல முடியாது. ஏரியைச் செயற்கைக்கோள் படத்திலிருந்து வரைந்திருந்தால் மாதத்தையும் கேட்க வேண்டும். வடகிழக்குப் பருவமழை முடிந்த டிசம்பரில் தளும்பும் ஏரி மே மாதத்தில் கிரிக்கெட் மைதானம். நம் ஊரில் ஏரி எல்லைத் தகராறுகள் மலிந்து கிடக்கும்போது, மாதம் குறிப்பிடாத ஏரித் தரவை வெளியிடுவது அரைகுறைப் பணி என்பது என் கருத்து.

பொய்த் துல்லியம் மனிதரை எவ்வளவு படுத்தும் என்பதற்கு அமெரிக்காவின் கான்சஸ் மாநிலத்தில் பாட்வின் என்ற சிற்றூர் அருகே இருந்த பண்ணைவீடு சாட்சி. இணையத்தில் வரும் கணினிகள் எங்கிருந்து வருகின்றன என்று சொல்லும் தரவுத்தளம் ஒன்று இருந்தது. இடம் தெரியாமல், அமெரிக்காவில் எங்கோ என்று மட்டும் தெரிந்தவற்றுக்கு, நாட்டின் நடுப்பகுதியில் 38, -97 என்று ஒரு புள்ளியைப் போட்டுவைத்தார்கள். அப்படி அந்த ஒரே புள்ளியில் 60 கோடி இணைய முகவரிகள் குவிந்தன. அந்தப் புள்ளி விழுந்த இடம்தான் பண்ணைவீடு. இணைய மோசடி, திருட்டு, காணாமல் போனவர் என்று எந்தப் புகார் வந்தாலும் புலனாய்வாளர்களும் போலீசும் ஏமாந்தவர்களும் அந்த வாசலுக்கே வந்தார்கள். 10 ஆண்டுக்கும் மேலாக இது நடந்து, 2016இல் ஒரு பத்திரிகையாளர் தோண்டித் துருவிய பிறகே காரணம் வெளியே வந்தது. 'இதன் பிழை எல்லை ஆயிரக்கணக்கான கிலோமீட்டர்' என்ற ஒரு வரி, அந்த இரண்டு எண்களோடு ஒட்டிக்கொண்டு எல்லாரையும் எட்டியிருந்தால் அந்தக் குடும்பம் நிம்மதியாக உறங்கியிருக்கும். பிறகு அந்தப் புள்ளியை ஓர் ஏரியின் நடுவே மாற்றிவைத்தார்கள்.

இடத்தைப் பற்றி இவ்வளவு என்றால், இடத்தோடு இணைந்த அட்டவணைகளின் கதை இன்னொன்று. பரவலாகப் புழங்கும் 'ஷேப்ஃபைல்' வடிவத்தில் பத்தியின் தலைப்புக்கு 10 எழுத்துக்கு மேல் இடமில்லை. நீளமான பெயர்களை வெட்டிச் சுருக்கிவிடுவார்கள். சுருக்கியவருக்கு அன்றைக்குப் பொருள் தெரியும். அவரே ஓராண்டு கழித்து வந்தால் திகைப்பார். தகவல் இல்லாத இடத்தில் -9999 என்று நிரப்பும் வழக்கமும் உண்டு. அது தெரியாமல் மழையளவின் சராசரியைக் கணக்கிட்டவருக்கு வானம் தண்ணீரை உறிஞ்சிக்கொண்ட கணக்கு வரும். இந்த அளவுக்கு அபத்தமாக வந்தால் நல்லது, பிடித்துவிடலாம். தகவல் இல்லை என்பதற்குப் பூஜ்யம் போட்டிருந்தால் பிடிக்கவே முடியாது.

இத்தனையிலும் நான் மேலாக மதிப்பது பூர்வீகத்தை, அதாவது ஒரு தரவு எதிலிருந்து, என்னென்ன மாற்றங்களுக்குப் பின் வந்தது என்ற குறிப்பை. 2013 ஜனவரி 17 அதிகாலையில் அமெரிக்கக் கடற்படையின் கண்ணிவாரிக் கப்பல் 'கார்டியன்' பிலிப்பைன்சின் துப்பட்டாகா பவளத்திட்டில் ஏறி நின்றுவிட்டது. யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் உள்ள இடம் அது. 68 மீட்டர் நீளக் கப்பலை இழுக்க முடியாமல், அங்கேயே துண்டு துண்டாக வெட்டி எடுக்க நேர்ந்தது. 2,345 சதுர மீட்டர் பவளம் சேதமானது, அமெரிக்கா 8.7 கோடி பெசோ இழப்பீடு கொடுத்தது. கப்பலை நடத்தியவர்களின் கவனக்குறைவே முதன்மைக் காரணம் என்று கடற்படை விசாரணை சொன்னது, அது நியாயம்தான். ஆனால் அவர்கள் முன்னால் இருந்த எண்வடிவ வரைபடமும் பவளத்திட்டை ஏறக்குறைய 8 கடல் மைல், அதாவது 14 கிலோமீட்டருக்கும் மேல் தள்ளிக் காட்டியது. செயற்கைக்கோள் படம் ஒன்றைத் தப்பான இடத்தில் பொருத்தியதால் 2008இல் நுழைந்த பிழை அது. 2011இல் சரியான விவரம் கிடைத்து ஒரு வரைபடத்தில் திருத்தவும் செய்தார்கள். அதே இடத்தைக் காட்டும், வேறு அளவுகோலிலுள்ள இன்னொரு வரைபடத்துக்குத் திருத்தம் போகவில்லை. ஒரு பிழை எந்தெந்தத் தொகுதிகளுக்குள் போயிருக்கிறது என்று குறித்துவைத்திருந்தால்தான் திருத்தமும் அதே வழியில் பின்தொடர முடியும்.

இவற்றையெல்லாம் ஒழுங்காக எழுத விதிகள் இல்லாமல் இல்லை. 1994 ஏப்ரலில் அமெரிக்க அதிபர் கிளின்டன் பிறப்பித்த 12906ஆம் ஆணை, அரசு அமைப்புகள் புதிதாகச் சேகரிக்கும் புவியியல் தரவு ஒவ்வொன்றுக்கும் மெட்டாடேட்டா எழுத வேண்டும் என்றது. அதற்கென வகுத்த படிவத்தில் 300க்கும் மேற்பட்ட உறுப்புகள். 2003இல் ஐ.எஸ்.ஓ. 19115 என்ற சர்வதேசத் தரம் வந்தது. 2014இல் அது திருத்தப்பட்டது. ஐரோப்பா 2007இல் தனிச் சட்டமே இயற்றியது. இந்தியாவிலும் தேசிய இடஞ்சார் தரவுக் கட்டமைப்பு என்ற அமைப்பு தனக்கென ஒரு மெட்டாடேட்டா தரத்தை வகுத்திருக்கிறது. டேட்டத்தையும் மண்டலத்தையும் சேர்த்துச் சொல்ல ஒற்றை எண் போதும்: பெட்ரோலியக் கம்பெனிகளின் நில அளவையாளர்கள் தொகுத்த 'ஈ.பி.எஸ்.ஜி.' பட்டியலில் 4326 என்றால் டபிள்யூ.ஜி.எஸ். 84 அட்சரேகை தீர்க்கரேகை, 32643 என்றால் கோவை இருக்கும் யு.டி.எம். மண்டலம், 32644 என்றால் சென்னை இருக்கும் மண்டலம்.

அப்படியும் பெரும்பாலான கோப்புகள் மொட்டையாகவே வருகின்றன. சோம்பல் என்று சொல்லி முடித்துவிட எனக்கு மனமில்லை. எழுதுகிறவரின் உழைப்பு ஒரு பக்கம், பலன் முன்பின் தெரியாத யாருக்கோ. திட்டத்துக்கு நிதி தருகிறவர் வரைபடத்தைக் கேட்கிறார். அதன் வரலாற்றைக் கேட்பவர் அரிது. மென்பொருள்கள் கொஞ்சம் கைகொடுக்கின்றன. எத்தனை பலகோணங்கள், எந்த டேட்டம், நான்கு எல்லைகள் எவை என்பதைத் தாமே நிரப்பிவிடும். ஆனால் வயலில் இறங்கி அளந்தீர்களா, படத்தைப் பார்த்து வரைந்தீர்களா, வடக்கு மூலையில் மேகம் மறைத்ததால் ஊகித்தீர்களா என்று எந்த மென்பொருளுக்கும் தெரியாது. படிவத்தின் 300 கட்டங்களில் 290ஐ இயந்திரம் நிரப்பினாலும், ஐயத்தை எழுதும் கட்டம் மனிதருக்கு உரியது. பெரும்பாலும் காலியாகக் கிடப்பதும் அந்தக் கட்டம்தான்.

கடல் வரைபடக்காரர்கள் இதற்கு ஒரு வழி கண்டிருக்கிறார்கள். இன்றைய எண்வடிவக் கடல் வரைபடங்களில், ஒவ்வொரு பகுதியும் எவ்வளவு நம்பத்தக்கது என்ற தரநிலையும் தரவுக்குள்ளேயே இருக்கும். ஏ1 என்றால் 5 மீட்டர் அளவுக்கு இடம் துல்லியம், பி என்றால் 50 மீட்டர், சி என்றால் 500 மீட்டர், டி என்றால் அதைவிட மோசம்; இன்னும் மதிப்பிடாத பகுதிக்குத் தனிக் குறி. மாலுமி விரும்பினால் திரையில் அதை நட்சத்திரங்களாகப் பார்க்கலாம். ஆறு நட்சத்திரம் நல்லது, இரண்டு நட்சத்திரம் என்றால் மெதுவாகப் போ. புள்ளிக்கோடு செய்த வேலையை இப்போது நட்சத்திரங்கள் செய்கின்றன, படத்தை விட்டுப் பிரியாமல்.

நிலத்துக்கான தரவுகளில் இப்படித் திரைக்கே வரும் குறியைப் பார்ப்பது அபூர்வம். அது வரும்வரை ஐந்தாறு வரி போதும். 300 கட்டங்களைக் கண்டு மலைத்து ஒன்றுமே எழுதாமல் விடுவதைவிட, ஓர் ஏரித் தொகுதியோடு இப்படி ஒரு குறிப்பு இருந்தால் போதும்: 'டிசம்பர் மூன்றாம் வாரச் செயற்கைக்கோள் படத்திலிருந்து வரைந்தது, ஆண்டு இது. படத்தின் ஒரு கட்டம் தரையில் 10 மீட்டர். ஈ.பி.எஸ்.ஜி. 32644. காட்டியிருப்பது அன்று தண்ணீர் நின்ற பரப்பு. வருவாய்த் துறையின் சர்வே எல்லை இதில் இல்லை. தென்மேற்கு மூலையில் ஆகாயத்தாமரை மூடியிருந்ததால் அங்கே கரை ஊகம். நேரில் போய்ப் பார்க்கவில்லை. நீர்ப்பரப்பின் ஏற்ற இறக்கத்தை ஆராயப் பயன்படுத்தலாம். எவருடைய நில எல்லையையும் முடிவுசெய்ய இதைப் பயன்படுத்த வேண்டாம்.'